0.1 புள்ளியில் கைமாறிய வெள்ளி... துப்பாக்கிச் சுடுதலுக்கு சிமுலேட்டர் என்ன சொல்லித் தரும்?

2024 ஜூலை 28. பாரிஸ் ஒலிம்பிக், பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிப்போட்டி. 22 ஷாட் முடிஞ்சப்போ தென்கொரியாவின் கிம் யே-ஜி 221.8. நம்ம மனு பாக்கர் 221.7. அந்த 0.1 வித்தியாசத்தில் மனு வெளியேறினார். வெண்கலம் உறுதி, வெள்ளிக்கான வாய்ப்பு போச்சு. ஆனாலும் ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான்.

அந்த 0.1 எவ்வளவு சின்னதுன்னு தெரியுமா? ஏர் பிஸ்டல் டார்கெட்டில் ஒவ்வொரு 0.1-க்கும் இடைவெளி 0.8 மி.மீ. உங்க பர்ஸில் இருக்கிற ஏடிஎம் கார்டின் தடிமன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 22 ஷாட்டில் ஏதோ ஒண்ணு, ஒரு கார்டு தடிமன் அளவுக்கு உள்ளே போயிருந்தா கதையே வேற.

இவ்வளவு நுணுக்கமான ஒரு விஷயத்தை எப்படிப் பயிற்சி எடுக்கிறாங்க? நாள் முழுக்க சுட்டுக்கிட்டே இருப்பாங்கன்னு நினைச்சா, அது பாதிதான் சரி. முன்னணி வீரர்களின் பயிற்சியில் பெரிய பங்கு பெல்லட் இல்லாமலேயே நடக்குது. அதுக்குத்தான் சிமுலேட்டர்.

பப்ஜியில் ஹெட்ஷாட் அடிச்சா போதாதா?

போதாது பாஸ். மொபைல் கேமில் உங்க கட்டைவிரல் திரையில் நகரும். குறி லேசா தப்பினாலும் 'எய்ம் அசிஸ்ட்' இழுத்துப் பிடிச்சுக் கொடுக்கும். நிஜ ஏர் பிஸ்டலில் அப்படி இழுத்துக் கொடுக்க யாருமில்ல.

2023 ஜூனில் சிங்கப்பூரில் ஒலிம்பிக் இ-ஸ்போர்ட்ஸ் வாரம் நடந்தது. அதில் துப்பாக்கிச் சுடுதல் பிரிவுக்கு ஃபோர்ட்நைட் கேமைத்தான் பயன்படுத்தினாங்க. அது ஒரு தனித் திறமை, தப்பு சொல்லல. ஆனா அதில் கில்லியா இருக்கிறவர் கையில் ஏர் பிஸ்டலைக் கொடுத்தா, முதல் நிமிஷத்திலேயே கை நடுங்கும்.

நிஜப் போட்டி எப்படின்னு பாருங்க. கிட்டத்தட்ட 1 கிலோ எடையுள்ள பிஸ்டலை (விதிப்படி 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது) ஒரே கையில் நீட்டிப் பிடிக்கணும். இன்னொரு கையை பாக்கெட்டில் விட்டுக்கலாம். பாரிஸில் துருக்கி வீரர் யூசுஃப் டிகேச் அப்படி நின்னது மீம் ஆகி உலகம் சுத்துச்சே, அது ஸ்டைலுக்காக இல்ல. சும்மா தொங்குற கை உடம்பை ஆட்டும் என்பதால் பெரும்பாலான பிஸ்டல் வீரர்கள் அப்படித்தான் நிப்பாங்க. தகுதிச் சுற்றில் 75 நிமிஷத்தில் 60 ஷாட். 10 மீட்டர் தள்ளி, வெறும் 11.5 மி.மீ. விட்டமுள்ள வட்டம்தான் '10'. நம்ம சட்டை பட்டன் சைஸ்.

தப்பு நடக்கிற அந்த 0.2 விநாடி

சிமுலேட்டர் ஏன் தேவைன்னு புரியணும்னா, ஷாட் எங்கே கெட்டுப்போகுதுன்னு முதலில் தெரியணும்.

பிஸ்டலின் நுனியில் முன்சைட், பின்னாடி பள்ளம் வெட்டின பின்சைட். ரெண்டுக்கும் நடுவே சுமார் 33 செ.மீ. இடைவெளி. கை மொத்தமா 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தா, டார்கெட்டிலும் 1 மி.மீ.தான் தள்ளும். கவலையே இல்ல. ஆனா மணிக்கட்டு லேசா திரும்பி, முன்சைட் பின்சைட்டின் நடுவிலிருந்து 1 மி.மீ. விலகினா? 10 மீட்டர் தூரத்தில் அது சுமார் 30 மி.மீ. ஆயிடும். நேரா 10-ல் விழ வேண்டிய ஷாட் 7-க்குப் போயிடும்.

அந்த மணிக்கட்டைத் திருப்புவது யாரு? பெரும்பாலும் உங்க ஆள்காட்டி விரல்தான். ஏர் பிஸ்டல் டிரிகருக்கு குறைந்தபட்சம் 500 கிராம் இழுவை இருக்கணும் என்பது விதி. ஒரு அரை லிட்டர் ஆவின் பால் பாக்கெட்டை ஒத்தை விரலில் தொங்கவிட்ட மாதிரி. அதை அலுங்காம, நேரா பின்னோக்கி இழுக்கணும்.

இங்கேதான் மூளை ஒரு வேலை பார்க்கும். சைட் ரெண்டும் கச்சிதமா சேர்ந்ததும் 'இப்போ... சுடு!'ன்னு கத்தும். அந்தக் கட்டளை விரலுக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். அதுக்குள்ள கை நகர்ந்திருக்கும். அவசரத்தில் விரலும் டிரிகரை வெடுக்குன்னு இழுத்திருக்கும். அதனாலதான் நல்ல வீரர்கள் 'இப்போ'வுக்காகக் காத்திருக்க மாட்டாங்க. கை லேசா ஆடிக்கிட்டே இருக்க, விரல் பாட்டுக்கு அழுத்தத்தைக் கூட்டிக்கிட்டே போகும். ஷாட் தானா விடுபடும்.

பெல்லட் சுட்டா டார்கெட்டில் ஓட்டை மட்டும்தான் தெரியும். அது 8-ல் விழுந்ததுக்குக் காரணம் கை ஆட்டமா, விரல் வெடுக்கா, அவசரமா? ஓட்டை அதைச் சொல்லாது. சிமுலேட்டர் சொல்லும்.

நாலு கலர் கோடு

இந்த விளையாட்டில் ரொம்பப் பிரபலமான கருவி, ரஷ்யாவில் உருவான 'ஸ்காட்'. பிஸ்டல் குழலில் ஒரு சின்ன சென்சாரை மாட்டுவாங்க. புது மாடல்களில் அது ஒரு குட்டி கேமரா. டார்கெட்டையே பார்த்துக்கிட்டு, உங்க குறி எங்கெல்லாம் அலையுதுன்னு நொடிக்கு நொடி கம்ப்யூட்டருக்கு அனுப்பும். டிரிகர் விடுபட்ட அதிர்வை வெச்சு ஷாட் நேரத்தைப் பதிவு செய்யும். பெல்லட் போட்டும் பழகலாம், போடாமலும் பழகலாம்.

திரையில் உங்க குறி நூல் மாதிரி ஒரு கோடாக வரும். அது எந்த நேரத்துக் கோடுன்னு கலரை வெச்சுக் கண்டுபிடிக்கலாம்.

பச்சை: குறிவைக்க ஆரம்பிச்சதிலிருந்து, ஷாட்டுக்கு 1 விநாடி முன்பு வரை.

மஞ்சள்: கடைசி 1 விநாடி.

நீலம்: கடைசி 0.2 விநாடி.

சிவப்பு: ஷாட்டுக்குப் பிறகு.

கொஞ்ச நாள் பழகினா இந்தக் கோடுகளை யார் வேணும்னாலும் படிச்சிடலாம்.

பச்சையும் மஞ்சளும் நடுவில் அழகா இருந்து, நீலம் மட்டும் திடீர்னு ஒரு பக்கம் பாய்ஞ்சிருக்கா? விரல் வெடுக்குன்னு இழுத்திருக்கு. வலது கைக்காரர்களுக்கு இது பெரும்பாலும் கீழ்-இடது பக்கம் ஓடும்.

பச்சை பெருசா அலைஞ்சு, நீலம் குட்டியா இருக்கா? பயப்படாதீங்க. விரல் சரியா வேலை செய்யுது. தோளும் கையும் இன்னும் வலுவாகணும், அவ்வளவுதான்.

குறி நடுவுக்கு வந்து பல விநாடி ஆகியும் நீங்க சுடாம, கோடு மறுபடி விரிய ஆரம்பிச்சிருக்கா? ரொம்ப நேரம் பிடிச்சிருக்கீங்க. பிஸ்டலை இறக்கி, மூச்சு விட்டு, திரும்ப ஆரம்பிக்கணும். 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு இழுத்தா கண்ணும் தசையும் சோர்ந்துடும்.

சிவப்புக் கோடு எங்கேயோ பறக்குதா? 'ஃபாலோ த்ரூ' இல்லைன்னு அர்த்தம். அதாவது ஷாட் போன உடனே கையைத் தளர்த்திட்டீங்க. பெல்லட் நொடிக்கு சுமார் 150 மீட்டர் வேகத்தில்தான் போகும். அது குழலை விட்டு வெளியேறும் முன்பே கை தளர்ந்தா, ஷாட்டும் கூடவே தளரும்.

ரேஞ்ச் இல்லாத ஊரில் இது ஏன் முக்கியம்?

வேலூரிலிருந்து ஆரணி போற ரோட்டில் இருக்கிற கண்ணமங்கலத்தையே எடுத்துக்குவோம். பட்டுத் தறி ஊர். அங்கே பிளஸ் டூ படிக்கிற ஒருத்தருக்கு பிஸ்டல் ஷூட்டிங்கில் ஆசை வந்துட்டா? சென்னை சுமார் 150 கி.மீ. போய் வரவே ஒரு நாள் ஓடிடும். வாரத்துக்கு ஒரு தடவை போனாலே பெரிய விஷயம். சென்னையில் தினமும் ரேஞ்சுக்குப் போற பையனோடு இவர் எப்படிப் போட்டி போடுவார்?

இந்த இடைவெளியைக் குறைக்கிறதுதான் சிமுலேட்டரின் உண்மையான பலன். தறி ஓட்டுறவங்களைப் பாருங்க. சேலையை முடிச்சு விரிச்ச பிறகு குறை தேட மாட்டாங்க. பாவில் ஒரு இழை அறுந்தா அந்த நொடியே கை நிக்கும், முடிச்சுப் போட்டுட்டுத்தான் நாடா மறுபடி ஓடும். ரேஞ்சில் டார்கெட்டில் விழுற ஓட்டை என்பது முடிஞ்ச சேலை. சிமுலேட்டர் காட்டுறது அறுந்த இழையை. அதைப் பார்க்கப் பழகிட்டா, வீட்டிலேயே பெரும்பகுதி பயிற்சியை முடிச்சிடலாம். ரேஞ்சுக்குப் போறது சரிபார்க்க மட்டும்.

வீட்டிலிருந்தே பழகுறது கைக்குழந்தைத்தனமான ஏற்பாடு இல்ல. 2020 ஏப்ரலில் லாக்டவுன் நேரத்தில், முன்னாள் வீரர் ஷிமோன் ஷரிஃப் ஆன்லைன் ஷூட்டிங் போட்டியையே நடத்தினார். சர்வதேச வீரர்கள் அவரவர் வீட்டில் வெச்சிருந்த எலெக்ட்ரானிக் டார்கெட்டில் சுட, ஸ்கோர் இணையத்தில் வந்தது.

அதுக்கும் மேலே ஒண்ணு இருக்கு. மாடர்ன் பென்டத்லான் என்ற ஒலிம்பிக் விளையாட்டில், 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து பெல்லட்டே கிடையாது. லேசர் பிஸ்டல்தான். ஒரு காலத்தில் பயிற்சிக்கருவியா இருந்த தொழில்நுட்பம், அங்கே போட்டியாவே மாறிடுச்சு.

போலீஸ், ராணுவம் பயன்படுத்தும் பெரிய திரை சிமுலேட்டர்கள் வேற ரகம். ஹைதராபாத்தின் ஜென் டெக்னாலஜீஸ் மாதிரி நிறுவனங்கள் அதைத் தயாரிக்குது. சூழ்நிலையைப் பார்த்து முடிவெடுக்கப் பழக்குவது அதன் நோக்கம். ஒரே வட்டத்தை 60 முறை பார்க்கிற நம்ம விளையாட்டுக்கு அது தேவைப்படாது.

லட்சம் இல்லைன்னா?

உண்மையைச் சொல்லிடணும். இது காஸ்ட்லி விளையாட்டு. வெளிநாட்டு மேட்ச் பிஸ்டல் லட்ச ரூபாயைத் தாண்டும். கோடு காட்டுற நல்ல சிமுலேட்டரும் அப்படித்தான். அதனால தனியா வாங்க முயற்சி செய்யாம, கிளப்பில் இருக்கிற கருவியை மாசத்துக்கு ஒரு முறை பயன்படுத்தி, உங்க கோடுகளைப் பதிவு செஞ்சு வாங்கிக்கிறது புத்திசாலித்தனம். நடுவில் இருக்கிற நாள்களுக்கு இந்த எளிய வழிகள் போதும்.

வெள்ளைச் சுவர்: டார்கெட்டே வேண்டாம். வெறும் சுவரைப் பார்த்து முன்சைட்டை மட்டும் கவனிச்சு டிரிகரை இழுங்க. டிரிகர் விடுபடும்போது முன்சைட் துள்ளுதான்னு பாருங்க. குறிவைக்க எதுவும் இல்லாததால் மூளையும் 'இப்போ'ன்னு கத்தாது. மேட்ச் ஏர் பிஸ்டல்களில் பெல்லட்டும் காற்றும் இல்லாம டிரிகரை மட்டும் பழக தனி வசதி இருக்கும். 'டிரை ஃபயர்'னு பேரு.

ஒரு ரூபாய் நாணயம்: குழல் மேல ஒரு நாணயத்தை வெச்சு டிரிகரை இழுங்க. விழுந்தா விரலில் பிரச்னை. பல வருஷமா பல கோச்கள் சொல்லித் தர்ற வித்தை இது.

போன் ஸ்லோ மோஷன்: போனை ஸ்டாண்டில் பக்கவாட்டில் வெச்சு, டிரிகர் விரலையும் முன்சைட்டையும் ஸ்லோ மோஷனில் எடுங்க. விரல் நேரா பின்னாடி வருதா, மத்த விரல்களும் சேர்ந்து இறுகுதான்னு தெளிவா தெரியும். காசில்லாத சிமுலேட்டர் இதுதான்.

சின்ன டார்கெட்: வீட்டில் 10 மீட்டர் இல்லையா? நிஜ டார்கெட்டில் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ. 5 மீட்டரில் பழகணும்னா பாதி, அதாவது சுமார் 30 மி.மீ. வட்டம் வரைஞ்சு ஒட்டுங்க. கண்ணுக்கு ஒரே அளவுதான் தெரியும்.

லேசர் பாயின்ட்டரை மாட்டி, போன் கேமரா ஆப் மூலம் புள்ளி எங்கே விழுதுன்னு பார்க்கிற முறையும் உண்டு. ஷாட் விழுந்த இடத்தைத்தான் அது காட்டும், வந்த வழியைக் காட்டாது. லேசர் யார் கண்ணிலும் படக் கூடாது, கவனம்.

ஸ்கோர் மோகம்... உஷார்!

சிமுலேட்டர் வாங்கினவங்க மாட்டிக்கிற பெரிய வலை, ஒவ்வொரு ஷாட்டுக்கும் திரையைப் பார்க்கிறது. ரெண்டே வாரத்தில் அது இன்னொரு மொபைல் கேம் ஆயிடும். 'இன்னிக்கு 560, நேத்து 565'ன்னு எண்ணிக்கிட்டு உட்கார்ந்துடுவீங்க. பெல்லட் இல்லாத ஸ்கோர் போட்டி ஸ்கோர் கிடையாது.

10 ஷாட் முடியும் வரை திரையைத் திருப்பி வைங்க. ஒவ்வொரு ஷாட்டுக்கும், அது எங்கே போயிருக்கும்னு நீங்களே நோட்டில் எழுதுங்க. அப்புறம் திரையோடு ஒப்பிடுங்க. ரெண்டும் ஒத்துப்போக ஆரம்பிச்சா, உங்க உடம்பே சிமுலேட்டர் ஆயிடுச்சுன்னு அர்த்தம். போட்டியில் உங்ககூட வரப்போறது அது மட்டும்தான்.

கடைசியா ஒரு கேள்வியோட உட்காருங்க. 'இன்னிக்கு நீலக் கோட்டை மட்டும் பார்க்கிறேன்', 'இன்னிக்கு ஃபாலோ த்ரூ மட்டும்'. எல்லாத்தையும் ஒரே நாளில் திருத்த முடியாது.

சிமுலேட்டரால் முடியாதது

2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கை நினைச்சுப் பாருங்க. அதே மனு பாக்கர். தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாச்சு. சரிசெய்யப் போய் வந்ததில் பல நிமிஷம் காலி. கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்க, மீதி ஷாட்களை அவசரமா சுட வேண்டிய நிலை. 575 எடுத்து 12-வது இடம். இறுதிக்குப் போக 577 தேவைப்பட்டது. ரெண்டே புள்ளி!

அந்தப் பதற்றத்தை எந்தத் திரையும் கொடுக்காது. பக்கத்து லேனில் ஒருத்தர் 10.8 அடிக்கும்போது எழும் கைத்தட்டல், வியர்க்கிற உள்ளங்கை, புது ஹாலின் வெளிச்சம், உங்க பிஸ்டலுக்கு எந்த பெல்லட் ஒத்துப்போகுது என்பது... எல்லாம் ரேஞ்சிலும் போட்டியிலும் மட்டும்தான் கிடைக்கும். அதனால சின்னப் போட்டியா இருந்தாலும் பேர் கொடுங்க. நடிகர் அஜித்குமார் 2021-ல் சென்னையிலும் 2022-ல் திருச்சியிலும் நடந்த மாநிலப் போட்டிகளில் வரிசையில் நின்னு சுட்டதை மறந்திருக்க மாட்டீங்க. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டின் ஷூட்டிங் போட்டிகள் சென்னை வேளச்சேரி குருநானக் கல்லூரி ரேஞ்சில் நடந்தன. வாய்ப்பு நம்ம மாநிலத்துக்குள்ளேயே இருக்கு.

முக்கியமா... பாதுகாப்பும் சட்டமும்

2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்ட ஏர் கன்களுக்கு ஆயுத உரிமம் தேவையில்ல. போட்டி ஏர் பிஸ்டலின் சக்தி சுமார் 5-6 ஜூல்தான். ஆனாலும் வாங்கும்போது அடையாளச் சான்று கேட்பாங்க. பில்லைப் பத்திரமா வைங்க. சந்தேகம் இருந்தா கிளப்பிலோ காவல் நிலையத்திலோ கேட்டுட்டு வாங்குங்க. 0.22 பிஸ்டலுக்கு உரிமம் கட்டாயம்.

வீட்டில் டிரை ஃபயர் செய்யும்போது அந்த அறையில் ஒரு பெல்லட்கூட இருக்கக் கூடாது. குழல் காலியான்னு ஒவ்வொரு முறையும் பாருங்க. ஆள் நடமாட்டம் இல்லாத சுவரை நோக்கி மட்டும் பிடிங்க. முடிஞ்சதும் பெட்டியில் பூட்டுங்க. ரீல்ஸுக்காக பிஸ்டலோட மாடியிலோ தெருவிலோ போஸ் கொடுக்கிற வேலையே வேண்டாம். பார்க்கிறவங்களுக்கு அது விளையாட்டுத் துப்பாக்கின்னு தெரியாது. போலீஸ் கேஸ் ஆகி, விளையாட்டு வாழ்க்கையே முடிஞ்சிடும்.

ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு வார அட்டவணை

முதல் மூணு மாசம் கிளப்பில் ஒரு கோச்சிடம் நிற்கும் முறை, பிடி, பாதுகாப்பு பழகிய பிறகுதான் இது.

திங்கள், புதன்: வெள்ளைச் சுவர், 20 நிமிஷம். 30 ஷாட்டுக்கு மேல வேண்டாம்.

செவ்வாய், வியாழன்: சின்ன டார்கெட், 30 நிமிஷம். எங்கே போயிருக்கும்னு நோட்டில் எழுதணும்.

வெள்ளி: போன் ஸ்லோ மோஷன். 10 ஷாட் எடுத்து, பொறுமையா உட்கார்ந்து பாருங்க.

சனி அல்லது ஞாயிறு: ரேஞ்ச். பெல்லட் போட்டு நிஜ ஷாட். மாசத்தில் ஒரு வாரம் கிளப் சிமுலேட்டரில் உங்க கோடுகளைப் பார்த்து, அடுத்த மாசத்துக்கு ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுங்க.

மீதி ஒரு நாள் முழு ஓய்வு. தோள் வலிச்சா அன்னிக்குப் பிஸ்டலைத் தொடாதீங்க. சோர்ந்த கையில் பழகினா, சோர்ந்த கை செய்யும் தப்புதான் பழக்கமாகும்.